நூற்றி நாலு வடகம்

மூலனூரில் பஞ்சு ஏலம் பேசலாம், முருங்கை விலை பேசலாம். "பழைய கீபோர்டு சேகரிக்கறேன்" என்று சொன்னால், "ஏனுங்ணா, இருக்கறது ரிப்பேருங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

நோய் பிடித்த இடம் தாராபுரத்துப் பழைய இரும்புக் கடை. ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு தேடிப் போனவன் கண்ணில், உடைந்த மின்விசிறிக்கு அடியில் ஒரு டி.வி.எஸ். கோல்டு கீபோர்டு பட்டது. கடைக்காரர் அதைத் தராசில் வைத்து, பிளாஸ்டிக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டார். ஸ்டாண்டை மறந்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் ஸ்கூட்டர் சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது.

வீட்டுக்கு வந்து ஒரு விசையைத் தட்டினேன். டிக்! ஒரு காலத்தில் டிடிபி சென்டர், பில் போடும் மேஜை என்று எங்கே போனாலும் கேட்ட அதே சத்தம். உள்ளே இருப்பது ஜெர்மனியின் செர்ரி கம்பெனி செய்த நீல ஸ்விட்ச். விசை முழுதாக இறங்க 4 மில்லிமீட்டர். பாதி வழியிலேயே உள்ளே ஒரு சின்னத் துண்டு தாவி விழுந்து, "எழுத்து பதிஞ்சுது, விரலை எடு" என்று குரல் கொடுக்கும். இப்போது மலிவாகக் கிடைக்கிற ரப்பர் கீபோர்டில் தட்டுவது, ஆறிப்போன களியில் விரலை அமுக்குகிற மாதிரி.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணபுரம் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போல, கீபோர்டுக்கும் பல் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 101 விசை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 95-க்கு முந்திய வம்சம். 104 என்றால் விண்டோஸ் விசை முளைத்த பிறகு பிறந்தது. வாலில் ஊதா நிற வட்டப் பின் இருந்தால், அது யு.எஸ்.பி.க்கு முந்திய இணைப்பு வகை. ரூபாய்க் குறி இல்லையா? நம்மூர் உதயகுமார் வரைந்த குறியை அரசு ஏற்றுக்கொண்டது 2010-இல். உருப்படி அதற்கு முந்தியதாக இருக்கலாம். என்னுடையது 104 பல், ஊதா வால், ரூபாய்க் குறி கிடையாது. நல்ல ஜாதி.

ஆனால் குளித்துப் பல வருடம் ஆகியிருந்தது. விசைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணியில் ஊறவைத்து, மொட்டைமாடியில் வேட்டி விரித்துக் காயப்போட்டேன். பக்கத்தில் அம்மாவின் வடகம். மாலையில் அம்மா இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்து, "இது என்ன வடகங் கண்ணு, இத்தனை கெட்டியா இருக்குது?" என்றது. பிரித்து எண்ணினால் 103. காணாமல் போனது 'பாஸ்' (Pause) விசை. அது எதற்கென்று தெரிந்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பொக்கை வாயைப் பார்க்கப் பார்க்கத் தூக்கம் வரவில்லை. நாலு நாள் கழித்து வடகத் தகரத்திலிருந்து கிடைத்தது. நல்லவேளை, எண்ணெய்ச் சட்டிக்குப் போகவில்லை.

அடுத்த கட்டம் வெளிநாட்டு எழுத்து விசைகள். இதற்குப் பழி திருப்பூருக்கு. பனியன் கம்பெனியில் இருந்த காலத்தில் ரஷ்யன், அரபி என்று வாசிக்கத் தெரியாத எழுத்தில் வரும் வாஷ்கேர் லேபிளை, தலைகீழாகத் தைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பியவன் நான். தெரியாத எழுத்தின் மேல் அப்போதே ஒரு கண்.

முதலில் வாங்கியது ரஷ்ய செட். அதில் எச் மாதிரி இருப்பது 'ந', பி மாதிரி இருப்பது 'ர'. ஆள் மாறாட்டக் கேஸ். விசை பி.பி.டி. என்ற பிளாஸ்டிக், அதுவும் பாலியெஸ்டர் குடும்பம்தான். திருப்பூரில் விளையாட்டு ஜெர்சிக்கு அடிக்கிற அதே சப்ளிமேஷன் பிரிண்டு இதற்கும்: சூட்டில் சாயம் ஆவியாகி உள்ளே இறங்கிவிடும், லேசில் அழியாது. பஞ்சு விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பாலியெஸ்டருக்குப் பணம் அனுப்பினேன். பாவம்தான்.

பிறகு கொரியன் செட். அதில் மெய் இடது கைக்கு, உயிர் வலது கைக்கு. நம் தமிழ்99 விசை அமைப்பில் நேர் எதிர்: உயிர் இடது, மெய் வலது. விரல் தடவிப் பார்க்க மேடு வைத்த எஃப் விசையில் நமக்குப் புள்ளி. ஜே விசையில் 'ப'. இதையெல்லாம் கரைத்துக் குடித்திருக்கிறேன். தட்டுவது மட்டும் ஒற்றை விரலில்.

வீட்டில் டைப்ரைட்டிங் படித்தவள் என் மனைவி. தமிழ் ஹையர் பாஸ். முந்தாநாள் வீட்டுக் கணக்கு அடிக்க உட்கார்ந்தாள். ரஷ்ய விசை மாட்டியிருக்கிறதே என்று பதறி, கொஞ்சம் பெருமையோடும்தான், நான் ஓடுவதற்குள் முதல் பாடத்து 'யளனகபக'வை ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, விசையைக் குனிந்தே பார்க்காமல் பால், மளிகை, கரண்டு பில் என்று அடித்துக்கொண்டே போனாள். டிக் டிக் என்று ஓவர்லாக் மிஷின் வேகம். கடைசி வரியில் "கீபோர்டு வகை" என்று அடித்துவிட்டு நிறுத்தினாள்.

"ஏனுங்க, இதுல ரூபாய்க் குறியக் காணமே?"

"அது ரெண்டாயிரத்துப் பத்துக்கு முந்துன உருப்படி. இருக்காது" என்றேன், சேகரிப்பாளன் தோரணையில்.

"அப்ப வெலையும் ரெண்டாயிரத்துப் பத்துக்கு முந்துனதுங்களா?"