இரண்டு வள்ளமும் ஒன்றா?

கேள்வி: லினக்ஸில் நான் எழுதிய சி நிரல், ஒரே பெயரை இரண்டு முறை வரையறுத்திருப்பதாகச் சொல்லி நின்றுவிடுகிறது. நான் ஒருமுறைகூட வரையறுக்கவில்லையே?
– கல்லூரி மாணவர், கொடுமுடி

பதில்: வரையறுத்தவர்கள் வேறு இரண்டு பேர், தம்பி. நெட்வொர்க் நிரல்தானே? ஐபிவி6 முகவரியின் வடிவத்தை ஜிலிப்சி நூலகத்தின் ஹெடர் கோப்பும் சொல்கிறது, கெர்னலின் ஹெடர் கோப்பும் சொல்கிறது. நெற்களத்துக்கு ஆளுக்கொரு வள்ளம் வந்தால், அளப்பதற்கு முன்பே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

2013-இல் இதற்கு ஒரு தீர்வு வந்தது: முதலில் வருவது வரையறுக்கும், அடுத்தது ஒதுங்கிக்கொள்ளும். அதற்காகவே கெர்னலில் ‘லிப்சி-கம்பேட்.எச்’ என்ற கோப்பு சேர்ந்தது.

நீங்களே சோதிக்கலாம். அந்த இரண்டு ஹெடர்களை மட்டும் சேர்த்து, இரண்டே வரியில் ஒரு கோப்பு எழுதி, இணைக்காமல் தொகுக்க மட்டும் ‘-c’ சேர்த்து ஜிசிசியிடம் கொடுங்கள். பிறகு வரிசையை மாற்றிக் கொடுங்கள். இரண்டு முறையும் பிழையில்லாமல் முடிந்தால் பொருத்தம் சரி. பிழை வந்தால், பழைய பதிப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

கெர்னல் மூலத்திலிருந்து ஹெடரை நேரே பிடுங்கிச் சேர்க்காதீர்கள். அது கெர்னலின் உள்வீட்டுச் சாமான். டெபியனில் நமக்கென்று சுத்தம் செய்து வைத்திருப்பது ‘லினக்ஸ்-லிப்சி-டெவ்’ தொகுப்பு.

உங்கள் ஊரில் காவிரி கிழக்கே திரும்பினாலும் தண்ணீர் அதேதான். ஹெடர்களின் வரிசை திரும்பினாலும் விடை மாறக் கூடாது.