படப் பண்ணையார்

புது வீட்டுக்குப் பால் காய்ச்சக் கூப்பிட்டால் நாம் சமையல் மேடையைத் தட்டிப் பார்ப்போம், கார்ப்பரேஷன் தண்ணீரா, போர் தண்ணீரா என்று விசாரிப்போம். படப் பண்ணையாருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. செருப்பைக் கழற்றியதும் நேரே டி.வி. இருக்கும் சுவருக்குப் போவார். கீழ்த்தட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, விசிடி, டிவிடி உறைகளின் முதுகில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். வீட்டுக்காரர் காபி டம்ளரோடு பின்னால் நிற்பார். தீர்ப்பு வரும்வரை டம்ளர் அவர் கையிலேயே இருக்கும்.

“டைட்டானிக் வச்சிருக்கீங்க.”

“ஆமா சார், ஒரிஜினல்.”

“மூணாவது சிடி இருக்கா?”

இருக்காது. ஒரு விசிடியில் ஒன்றேகால் மணி நேரச் சொச்சம்தான் அடங்கும். படமோ மூன்றேகால் மணி நேரம். அதனால் மூன்று சிடி. மூன்றாவதை மட்டும் மாடி வீட்டுக்காரர் வாங்கிப் போய்க் காலி செய்துகொண்டு போயிருப்பார், அல்லது குழந்தை அதில் காரோட்டி விளையாடியிருக்கும். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் அந்தக் கப்பல் இன்றுவரை மூழ்கவில்லை.

பண்ணையார் என்று நான் பெயர் வைத்தது வெறும் கேலிக்காக இல்லை. வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்தவரிடம் எந்த வயலில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் காரியஸ்தரைக் கூப்பிடுவார். இவருக்கு டெராபைட் கணக்கு. ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ இருக்கிறதா என்றால், 1953, கறுப்பு வெள்ளை, இரண்டு பதிப்பு இருக்கிறது, ஒன்றில் சப்டைட்டில் சரியில்லை என்று மூச்சு விடாமல் சொல்வார். கதை என்ன என்று கேட்டால், “அதை நீங்க பாத்துதான் உணரணும்” என்று சொல்லிவிட்டு ஃபேனின் வேகத்தைக் கூட்டுவார்.

பார்க்காத படங்களை வைத்திருப்பதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஊறுகாய் போட்டு வைப்பவர்கள் எல்லாம் அன்றைக்கே தின்கிறார்களா? என் புகார் வேறு. இவர் மற்றவர் வீட்டுத் தொகுப்பை எடைபோடும்போது இருப்பதைப் பார்க்கவே மாட்டார், இல்லாததைத்தான் எண்ணுவார். ஒரு ரிட்டையர்டு தலைமையாசிரியர் வீட்டில் ஸ்ரீதர் படங்கள் முக்கால்வாசி இருந்தன. ஆசையாக, வரிசையாக, தூசி தட்டி வைத்திருந்தார். நம்மவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “ஆப்பிரிக்காவே இல்லையே சார்.” தலைமையாசிரியர் அன்று இரவு சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

ரிமோட் கையில் கிடைத்துவிட்டால் இன்னொரு சோதனையும் உண்டு. பழைய படங்கள் ஏறக்குறையச் சதுரமானவை, இன்றைய டி.வி. நீளமானது. திரை நிறையட்டும் என்று வீட்டில் இழுத்து விட்டிருப்பார்கள். ‘கர்ண’னில் சிவாஜி இரண்டு பங்கு அகலமாக நின்று அம்பு விடுவார். பண்ணையார் பல்லைக் கடித்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கிப் படத்தை அதன் இயல்பான அளவுக்குக் கொண்டுவருவார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். “ஐம்பத்தஞ்சு இன்ச் வாங்கினதே இதுக்கா?” என்று வீட்டம்மாள் உள்ளிருந்து கேட்பது அவர் காதில் விழாது.

இவர்கள் ஒரே நாளில் முளைத்தவர்கள் இல்லை. எண்பதுகளில் டி.வி.யையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஒரே ராத்திரியில் மூன்று படம் போட்டு, தெருவே கூடிப் பார்த்த காலத்தில் எல்லாரும் சனி விடியலில் தூங்கிவிட, கடைசி கேசட்டை ரீவைண்டு செய்து உறையில் போட்டு வைத்த ஒரு பையன் இருந்தான் அல்லவா? அவன்தான் இவர். பிறகு கேசட்டில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. விசிடி வந்தது, டிவிடி வந்தது. 2007 வாக்கில் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்து மளிகைக் கடை வரைக்கும் தொங்கவிட்டபோது, பண்ணையார்கள் பையோடு போனார்கள். அதற்கு முன்பே பர்மா பஜாரில் இவர்களுக்கு மரியாதை உண்டு. கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், “சார், புது இரானியன் வந்திருக்கு” என்று கடைப் பையன் குரல் கொடுப்பான். கியரோஸ்தமியின் பெயரை அவனைப் போல் திருத்தமாக உச்சரித்த பேராசிரியர்களை நான் கண்டதில்லை.

திருட்டு டிவிடி விஷயத்தில் பண்ணையாருக்குத் தனி தர்மம். போன வாரம் வந்த தமிழ்ப் படத்தைத் தொட மாட்டார். தயாரிப்பாளர் வயிற்றில் அடிக்கக் கூடாது. குரோசவா என்றால் பாவமில்லை. “அவரே போய்ச் சேர்ந்துட்டாரே, யாருக்கு நஷ்டம்?” வசதி வந்ததும் இந்தப் பாவத்துக்கும் பரிகாரம் தேடினார். அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனம் போடும் ஒரிஜினல் பதிப்புகளை வாங்கத் தொடங்கினார். விலை கையைச் சுடும். ஆனால் அங்கே பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகளில் ஜூலையிலும் நவம்பரிலும் அவற்றைப் பாதி விலைக்குப் போடுவார்கள். நியூஜெர்சியில் இருக்கும் மச்சினனின் சுகதுக்கங்களை அவர் விசாரிப்பது வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான். மச்சினன் டிசம்பரில் வரும்போது பெட்டியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் குறையும், பெர்க்மன் கூடுவார். வந்து இறங்கிய பிறகுதான் இன்னொரு வில்லங்கம். டிவிடிக்கு மண்டலம் உண்டு. அமெரிக்கா 1, நாம் 5. அந்த ஊர் டிவிடி இந்த ஊர் பிளேயரில் ஓடாது. ரிமோட்டில் ஏதோ ரகசிய எண்களை வரிசையாக அமுக்கினால் பூட்டுத் திறக்கும் என்பார்கள். அந்த எண்ணை அவர் துண்டுச் சீட்டில் எழுதி, பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கிறார்.

தொகுப்பை விரிவாக்குவது எப்படி என்று அவரிடம் யோசனை கேட்பவர்கள் உண்டு. ஐயோ பாவம். அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார், ‘விடுபட்டவை’ என்று தலைப்பிட்டு. நாடு வாரியாகப் பக்கம். உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருபோதும் கேட்க மாட்டார். எந்த நாடு பாக்கி என்றுதான் கேட்பார். செனகல் பக்கம் வெகுநாள் காலியாக இருந்தது. செம்பேனின் ‘பிளாக் கேர்ள்’ கிடைத்ததும் நிரம்பியது. ஒரு மணி நேரம்கூட முழுசாக இல்லாத படம் என்பதால் அதை உண்மையிலேயே பார்த்தும் விட்டார். ஹங்கேரிக்கு பேலா டாரின் ‘சாடன்டாங்கோ’. அது ஏழு மணி நேரத்துக்கும் மேல். நீண்ட விடுமுறை வரட்டும் என்று வைத்திருக்கிறார். பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் லீவு வருகிறது, போகிறது. கரும்பு கடித்துக்கொண்டு பார்க்கிற படமில்லை அது என்று அடுத்த வருஷத்துக்குத் தள்ளுகிறார்.

விரிவாக்கத்துக்கு அவர் நம்பும் வேதம், லண்டனிலிருந்து வரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கருத்துக்கணிப்பு. 1952-இல் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலிடம். 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ அசையாமல் உட்கார்ந்திருந்தது. 2012-இல் ‘வெர்டிகோ’. இந்த மூன்றும் அவரிடம் உண்டு, மேல் தட்டில், கண்ணுக்கு நேராக. 2022-இல் இடி விழுந்தது. பெல்ஜியத்துப் பெண் இயக்குநர் ஷாந்தால் அகெர்மன் 1975-இல் எடுத்த ‘ஜான் டீல்மன்’ முதலிடத்துக்கு வந்துவிட்டது. அவரிடம் அது இல்லை! இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எப்படியோ வரவழைத்து ஒரு ஞாயிறு மாலை குடும்பத்தையே உட்காரவைத்துப் போட்டார். ஓடும் நேரம் 201 நிமிஷம். ஒரு பெண் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள். சீவிக்கொண்டே இருக்கிறாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மனைவி மட்டும் கண் எடுக்காமல் பார்த்தார். பண்ணையாருக்குப் பெருமை தாங்கவில்லை.

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. முப்பது வருஷமா நான் சீவறேன், நீங்க ஒருநாளும் எட்டிப் பாத்ததில்லை. அவ சீவினா காசு குடுத்துப் பாக்கறீங்க.”

படத்தைப் பற்றி உலகெங்கும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதில் பாதியையாவது அந்த அம்மாள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்பது என் அபிப்பிராயம். பண்ணையார் குறித்துக்கொள்ளவில்லை. அந்த நூறு படப் பட்டியலில் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தவிர வேறு இந்தியப் படம் இல்லையே என்ற கவலையில் இருந்தார்.

தமிழ்ப் படங்கள் அவர் வீட்டில் கீழ்த்தட்டில். அதிலும் சாதி பிரித்திருப்பார். ‘அந்த நாள்’ (பாட்டே இல்லை, 1954-லேயே), ‘உதிரிப்பூக்கள்’, ‘அவள் அப்படித்தான்’ முன் வரிசை. ‘காதலிக்க நேரமில்லை’ பின்னால், ஒரு பழைய ஏர்மெயில் கவருக்குள். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் இடத்தை மட்டும் அவர் நள்ளிரவில் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்ப்பார் என்று வீட்டுக்குள் ஒரு பேச்சு.

கேலி போதும். ஒரு விஷயத்தில் நான் இவர்கள் கட்சி. முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1931. இன்று ஒரு பிரதியும் இல்லை. மௌனப் படக் காலத்தில் சென்னையில் எடுத்ததில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. பழைய பிலிமில் வெள்ளி இருக்கிறது என்று அதற்காகவே உருக்கி விற்றிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1988-இல் வந்த ‘வீடு’ படத்தின் நெகட்டிவ் இல்லாமல் போனதைப் பற்றி பாலுமகேந்திராவே மனம் நொந்து பேசியிருக்கிறார். 1964-இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஒன்றே எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியுமா? எங்கோ ஒரு பரணில், எவரோ ஒரு பைத்தியக்காரர், பொண்டாட்டி திட்டத் திட்ட அடுக்கி வைத்திருந்ததால்தான் சில படங்களை நாம் ஏதோ ஒரு மங்கலான பிரதியிலாவது பார்க்கிறோம்.

இந்தப் பெருமை பண்ணையாருக்கும் தெரியும். ஹார்டு டிஸ்க் ஒருமுறை ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டு அடங்கியபோது அவர் வீட்டுக்கு நாங்கள் நாலு பேர் துக்கம் கேட்கவே போனோம்.

“எவ்வளவு இருந்துச்சு?”

“நாலு டெராபைட்.”

“பேக்கப்?”

அவர் மேலே கையைக் காட்டினார். பரணைக் காட்டுகிறார் என்று நினைத்தோம். ஆண்டவனைக் காட்டியிருக்கிறார்.

அந்தப் பரணைத் தேடித்தான் சமீபத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். ஜெயகாந்தன் 1965-இல் எடுத்த ‘உன்னைப்போல் ஒருவன்’ எங்கேயும் கிடைக்கவில்லை, உங்களிடம் இருப்பதாகச் சொன்னார்கள் சார் என்றாள். பண்ணையார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. முதலில் அவளுக்கு ஒரு மணி நேரம் வாய்மொழித் தேர்வு வைத்தார். தேறினாள். தூர்தர்ஷனில் போட்டபோது தானே உட்கார்ந்து பதிந்தது என்று சொல்லி, பட்டுத் துணியில் சுற்றியிருந்த விஎச்எஸ் கேசட்டை எடுத்தார். டெக் ஓடவில்லை, பெல்ட் போய்விட்டது. ரிச்சி தெருவில் அலைந்து ஒரு பெரியவரைக் கண்டுபிடித்து, பெல்ட் மாற்றி, ஹெட் துடைத்து, அடுத்த ஞாயிறு மறுபடி கூடினோம்.

திரையில் பொரிந்தது. சுழன்றது. நின்றது. ‘ஒளியும் ஒலியும்’ ஓட ஆரம்பித்தது.

கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. பண்ணையார் உடைக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஆபீசிலிருந்து வரத் தாமதமானபோது, மனைவி கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டுப் பதிந்திருக்கிறார். ஒன்றல்ல, பல வெள்ளிக்கிழமைகள். நடுவில் சோப்புத்தூள் விளம்பரம். பற்பசை விளம்பரம். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை. அறிவிப்பாளர் ஒரு பெண், தோளில் மல்லிகைப் பூ வழிய, அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுப் புன்னகைத்தார்.

பண்ணையார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாணவி எழுந்து டி.வி.க்கு அருகே போய் நின்றுகொண்டாள். “சார், நிறுத்தாதீங்க. இந்த விளம்பரத்தோட, இந்த அறிவிப்போட எங்கயுமே கிடைக்காது சார். யாருமே வச்சிருக்க மாட்டாங்க.” பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள். “அம்மா, இது மாதிரி வேற ஏதாவது பதிஞ்சு வச்சிருக்கீங்களா?”

“அதுக்கென்ன, ஒரு அட்டைப்பெட்டி இருக்கே,” என்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அம்மாள் ஏணியில் ஏறினார். பண்ணையார் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“எந்த வருஷம், எந்த நிகழ்ச்சின்னு மேல எழுதியிருக்கியாடி?”

“கல்யாண ஆல்பத்துலயே எழுதலை. நகருங்க, தூசி விழும்.”