படப்பெயர்ச்சிப் பலன்கள்: ஓர் ஆய்வு

குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் பலன் எழுதியோர் பலர். போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு நிகழும் படப்பெயர்ச்சிக்கு எழுதியோர் இலர். ஆய்வுலகின் இப்பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை. எல்லா ஆய்வுக் கட்டுரைகளும் ஏதேனும் ஒரு பெருங்குறையை நீக்கவே எழுதப்படுவதால், இதற்கு மட்டும் விலக்குக் கோரவில்லை.

படப்பெயர்ச்சி நால்வகைப்படும்.

1. புளூடூத் பெயர்ச்சி: முனிவர்க்கு உரியது.

2. வாட்ஸ்அப் பெயர்ச்சி: படம் போய்ச் சேரும், இளைத்துச் சேரும்.

3. தன்பெயர்ச்சி: நாம் உறங்குகையில் படங்கள் வைஃபை வழியே தாமே கிளவுடுக்கு ஏகுதல். கூகுள் போட்டோஸ் 2015இல் சற்றே சுருக்கிய படங்களுக்கு அளவில்லா இடம் தந்தது. 2021 ஜூன் முதல் எல்லாம் 15 ஜிபிக்குள் என்றது. அதிலும் ஜிமெயிலுக்குப் பங்குண்டு. 'சிங்க்' ஆன படத்தைப் போனில் அந்த ஆப்பிலேயே அழித்தால் கிளவுடிலும் அழியும். அகத்திணை அறிந்தோர் இதனை உடன்போக்கு என்பர்.

4. கைப்பெயர்ச்சி: கேபிள் செருகி, டிசிஐஎம் ஃபோல்டரைத் திறந்து, நாமே எடுத்து வைத்தல். இங்கேதான் 'கேபிள் மயக்கம்' தோன்றும். யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் கம்பி நான்கு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. பின்னிரண்டும் இல்லாத கேபிளும் கடையில் கிடைக்கும். புறத்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. சார்ஜ் ஏறும், கம்ப்யூட்டரோ 'அப்படி யாரும் வரவில்லையே' என்றிருக்கும்.

இம்மயக்கம் தீரக் கழற்றிச் செருகுக என்பர் ஒரு சாரார். ஊதிச் செருகுக என்பர் மற்றொரு சாரார். இருவரையும் மறுத்து 'ரீஸ்டார்ட் செய்க' என்பர் ஐ.டி. துறையார், அவர்க்கு வேறு கொள்கை கிடையாது. ஊதுதலே தொன்மையானது என ஓர் ஓலைச்சுவடியின் ஓரக்குறிப்புக்கு எழுதிய மறுப்புரையின் அடிக்குறிப்பில் உள்ளதாம். அச்சுவடியைக் கறையான் தின்றுவிட்டதால் இச்சான்றை மறுக்க இனி ஒருவராலும் இயலாது. நம் பல்கலைக்கழகங்களில் இதனினும் வலிய சான்று அரிது.

பெயர்ந்த படங்கள் சேருமிடம் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் (2)' என விரியும். 'இறுதி', 'மெய்யான இறுதி', 'வழிகாட்டி திருத்திய இறுதி' என ஆய்வேட்டைச் சேமித்தோர் இதைக் கண்டு நகைத்தல் தகாது.

முடிபு: தன்பெயர்ச்சியில் படங்கள் தாமே போய்விடுவதால் நாம் பார்ப்பதில்லை, கைப்பெயர்ச்சியில் நாமே போகாததால் பார்ப்பதில்லை. எம்முறை ஆயினும், அழிக்குமுன் இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும். கேபிள் வாங்கும்போது, 'அண்ணே, இதில் டேட்டா போகுமா?' என்று கேட்டு வாங்குக.