ஐந்து கிலோமீட்டரும் இரண்டு வடையும்

ஞாயிறு காலை ஐந்தரைக்கு பெசன்ட் நகர் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. ஊரே ஓடுகிறது. காலில் இருக்கும் ஷூவின் விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். கையில் இருக்கும் வாட்ச் மணியைத் தவிர எல்லாவற்றையும் சொல்லும்.

கணக்கு என்னவோ எளிதுதான். ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவு. 70 கிலோ மாமா 5 கிலோமீட்டர் ஓடினால் 350. ஓடினால்! செல்ஃபிக்கு நின்றதையும், சிக்னலில் நின்ற இடத்திலேயே குதித்ததையும் கிலோமீட்டர் கணக்கு சேர்க்காது.

ஓட்டம் முடிந்ததும் கூட்டம் நேராக டிபன் கடைக்குப் போகிறது. நெய் மிதக்கும் பொங்கல், சாம்பாரில் ஊறிய வடை இரண்டு, பிறகு "சர்க்கரை கம்மியா" ஒரு காபி. முந்திரியைத் தேடிக் கரண்டி போவதற்குள் 350 காலி. "அதான் ஓடியாச்சே சார், ஒண்ணும் பண்ணாது."

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தாலே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். யார் கேட்கிறார்கள்? 1965இல் ஜப்பானில் நடைமானி விற்கக் கிளப்பிவிட்ட 10,000 அடிதான் நமக்கு வேதவாக்கு. ராத்திரி 9,400இல் வாட்ச் நின்றால் மாமாவுக்குத் தூக்கம் வராது. லிஃப்டில் மூன்றாவது மாடி ஏறி வந்து, மீதி அறுநூறை ஹாலிலேயே நடப்பார், கீழ்வீட்டுக்காரர் ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டும்வரை.