ஊவாவில் கிறீஸ்: நிறக்கோட்பாடு பற்றிய ஒரு மறுவிசாரணை

பதுளைத் தோட்டங்களில் ஓடும் கொழுந்து லொறியின் பெயாரிங்குக்கு எந்தக் கிறீஸ் உகந்தது என்ற வினாவைக் கல்வியுலகம் இன்னும் உரிய பயபக்தியோடு அணுகவில்லை. ஊவாத் தேயிலையின் வாசத்தைப் பகுத்து, அதற்குள் மெத்தில் சாலிசிலேற்று இருக்கிறதென்று கண்டார்கள். நல்லது. அந்தக் கொழுந்தை ஸ்டோருக்கு ஏற்றிப்போகும் லொறியின் முன்சில்லு வளைவுக்கு வளைவு ஏன் முனகுகிறது என்பதையும் யாராவது பார்க்கவேண்டாமா? அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுப் பரப்பு மேற்கே அப்புத்தளை, கிழக்கே லுணுகலை. இடையிலுள்ள கராஜ்கள் அனைத்தும் ஆய்வுக்கூடங்களாகக் கொள்ளப்பட்டன.

முன்னாய்வுகளைத் தேடினால் மிஞ்சுவது ஏமாற்றம். இந்நாட்டில் கிறீஸ் மக்கள் வாயில் அடிபட்ட சந்தர்ப்பங்கள் இரண்டு. ஒன்று, வருஷப்பிறப்புக்கு நடும் வழுக்குமரம். மற்றது, உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வருவதாக 2011 ஓகஸ்டில் நாடெங்கும் பீதி பரவிய கிறீஸ் பூதம். லயத்து ஆம்பளைகள் இரவிரவாகத் தடியோடு காவலிருந்தார்கள். பூதம் பூசியிருந்தது கல்சியக் கிறீஸா, லித்தியக் கிறீஸா என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஆய்வு மனப்பான்மை இங்கே எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, கோட்பாட்டுப் பகுதி. கிறீஸ் தெரிவில் ஊவாவில் மூன்று மதங்கள் உண்டு: செம்மதம், நீலமதம், கருமதம். “பாஸ், செவப்பா உள்ளதையே போடுங்க, அதுதான் சூடு தாங்கும்” என்பது செம்மதத்தாரின் மூலமந்திரம். நீலமதத்தார் தண்ணீருக்கு நீலந்தான் என்பார்கள். கருப்பைக் கண்டால் “பவர் கிறீஸ்” என்று பெட்டி முழுவதையும் வாங்குவோர் கருமதத்தார். கட்சியின் நிறம் பார்த்து வாக்குப் போட்டுப் பழகிய நாட்டில் இது வியப்பல்ல. ஆனால் உண்மை கசப்பானது. சிவப்பும் நீலமும் கம்பெனிக்காரன் கலந்த சாயம். எந்த நிறம் எதற்கு என்று உலகப் பொதுவிதி கிடையாது. கருப்பு மட்டும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் மொலிப்டினம் டைசல்பைட்டோ கிரபைட்டோ தரும் நிறம்.

இம்மதங்கள் தோன்றிய காரணத்தை ஆய்வாளர் ஒரு பார்ட்ஸ் கடையில் கண்டுபிடித்தார். பெரிய வாளியிலிருந்து கரண்டியால் தோண்டி, சொப்பின் பேக்கில் போட்டு, நிறுத்துக் கொடுக்கிறார்கள். வாளியின் மேல் எழுதியது எல்லாம் கடையிலேயே தங்கிவிடுகிறது. வாங்கியவரோடு மலையேறுவது நிறம் ஒன்றே.

வாளியில் எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம் தெரியும். முதலாவது இலக்கம். 1933இல் அமெரிக்காவில் தொடங்கிய என்.எல்.ஜி.ஐ. என்ற நிறுவனம் கிறீஸின் இறுக்கத்துக்கு 000 முதல் 6 வரை படிகள் வைத்தது. கிறீஸை 60 தடவை பிசைந்து, 25 பாகை செல்சியஸில் ஒரு கூம்பை விட்டு, 5 செக்கனில் எவ்வளவு புதைகிறது என்று பார்ப்பார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீற்றர் வரை இறங்கினால் அது 2ஆம் இலக்கம். வாகனங்களுக்குப் பெரும்பாலும் அதுவே. நம் பாஸ்மார் இதே சோதனையைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் செய்கிறார்கள். கூம்பு தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, சவர்க்காரம். கிறீஸ் என்பது பெரும்பாலும் எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும் சவர்க்காரம். ரொட்டி பருப்புக்கறியைக் குடித்திருப்பதுபோல. எந்தச் சவர்க்காரம் என்பதில்தான் தலையெழுத்து இருக்கிறது. சோடியம் வெயிலுக்கு நல்லது, மழைக்குக் கரைந்துவிடும். சாதாரணக் கல்சியம் மழைக்கு அசையாது. ஆனால் 100 பாகைச் சூட்டுக்குள்ளேயே எண்ணெய் வேறு சவர்க்காரம் வேறாகப் பிரிந்துவிடும். லித்தியம் ஏறத்தாழ 190 பாகை வரை உருகிச் சொட்டாது. லித்தியம் கொம்ப்ளெக்ஸ் அதற்கும் மேலே, 260 வரை.

இந்த லித்தியத்தில் ஒரு வேடிக்கை. அதன் சவர்க்காரத்துக்குரிய கொழுப்பமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்து வருகிறது. 1924இல் ரயில் பதுளைக்கு வருமுன் இந்த மலைகளிலிருந்து சாமான் இறக்கிய மாட்டுவண்டிக் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையே நம்மவர் அறிந்த பழைய கிறீஸ். நாம் கைவிட்ட ஆமணக்கு, அமெரிக்கா போய்ப் படித்து, வாளியில் அடைபட்டு, விலை கூடித் திரும்பியிருக்கிறது.

சரி, ஊவாவுக்கு எது? இங்கே சோதனைக்கூடத்தை இயற்கையே கட்டி வைத்திருக்கிறது. அப்புத்தளை 1400 மீற்றர் உயரத்துக்கும் மேலே. பெரகலை வழியாக, கொஸ்லந்தை தாண்டி வெல்லவாய போய்ச் சேரும்போது லொறி 200 மீற்றர் மட்டத்துக்கு வந்துவிடும். வழி நெடுக பிரேக்கில் கால். ட்ரம் காய்கிறது, ஹப் காய்கிறது, ஹப்புக்குள் கல்சியக் கிறீஸ் இருந்தால் அது இளகி, சீலைத் தாண்டி, பிரேக் லைனிங்கில் போய் உட்காருகிறது. அதன் பிறகு டிரைவர் பிரேக்கை மிதிப்பது வெறும் சம்பிரதாயம். ஒக்டோபரில் தொடங்கி மார்கழி, தை வரை கொட்டும் மழையில் வேறு சோதனை. ஜூலைக்கு மேல் கச்சான் காற்று கிளப்பும் தூசியில் இன்னொன்று. ஆகவே வீல் பெயாரிங்குக்கு லித்தியம் கொம்ப்ளெக்ஸ், 2ஆம் இலக்கம். நிறம் உங்கள் கட்சியைப் பொறுத்தது.

எவ்வளவு என்பதிலும் சர்ச்சை. அள்ளி அடைப்பதே தாராளம் என்று எண்ணுவோர் பலர். பெயாரிங்கின் உருளைகளுக்கிடையே இடைவெளி இல்லாமல் நிரம்பவேண்டும். ஹப்பின் வெற்றிடத்தில் மூன்றிலொரு பங்கு, மிஞ்சினால் பாதி. அதற்கு மேல் போனால் கிறீஸ் தன்னைத்தானே கடைந்து சூடேறும். பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு பாஸ் செய்வதைப் பார்த்தால் மெஷின் எதற்கு என்று தோன்றும். இடது உள்ளங்கையில் ஒரு கட்டி. வலது கையில் பெயாரிங், அகன்ற விளிம்பு கீழே. உள்ளங்கையின் அடிமேட்டில் அதை அழுத்தி இழுக்கிறார், அழுத்தி இழுக்கிறார். மேல்விளிம்பில், உருளைகளுக்கு நடுவே, கிறீஸ் புழுப்புழுவாக எட்டிப்பார்க்கும்வரை விடமாட்டார். பிறகு ஒரு பல்லளவு திருப்பி அடுத்த இடம். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

சஸ்பென்ஷன் மூட்டுகள் வேறு சாதி. பெயாரிங் உருள்கிறது, போல் ஜொயின்ட், கிங் பின், ஷெக்கிள் பின் எல்லாம் பாரத்தைத் தாங்கிக்கொண்டு மெல்ல உரசுகின்றன. கருமதத்தார் இங்கேதான் ஜெயிக்கிறார்கள்: மொலிப்டினம் 3 வீதம் கலந்த கிறீஸ், குழி வழியெங்கும் அடிபட்டாலும், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே படலமாக நிற்கும். வேகமாக உருளும் பெயாரிங்குக்கு அது வேண்டியதில்லை. றப்பர் புஷ் சத்தம் போட்டால் அதற்கும் கிறீஸ் பூசுவோர் உண்டு; பெற்றோலியக் கிறீஸ் பட்ட றப்பர் ஊதிப் பெருத்துக் கெடும், வேண்டுமானால் சிலிக்கோன் கிறீஸ் பூசலாம். கலப்புமணமும் எல்லாருக்கும் ஒத்துவராது: பெண்டோன் களிமண் கிறீஸுக்கு மேல் லித்தியத்தை ஏற்றினால் இரண்டும் கூழாகி வழியும். பழையதைக் கழுவாமல் புதியதைப் போடாதீர்கள்.

புதுவண்டிகளின் ஹப், மூட்டு எல்லாம் சீல் வைத்தே வருவதால் இவ்வாய்வு விரைவில் காலாவதியாகும் என்று ஒரு வாதம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 வரை சொந்தக் கார் வர விடாமல் வைத்திருந்த அரசாங்கம், பழைய வண்டிகளையும் பாஸ்மாரையும் இந்தக் கட்டுரையையும் ஒருசேரக் காப்பாற்றியது.

கடைசியாக நிப்பிள். கிறீஸ் கன்னை வைத்து, பழைய கறுப்பு வழிந்து புதியது தலைகாட்டும்வரை அடிக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நிப்பிளின் தலையை முதலில் துணியால் துடைக்கவேண்டும் என்பதுதான் நினைவில் இருப்பதில்லை. துடைக்காமல் அடித்தால் முதலில் உள்ளே போவது கிறீஸ் அல்ல, பசறை ரோட்டு மண். அது நல்ல சிவப்பு. செம்மதத்தார் விரும்பினால் இதைத் தம் தரப்புச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.