சளியே பிடிக்காத பிள்ளை

வாய்யா பேராண்டி. கைக்கு மருந்து போட்டுத்தான் பிள்ளையைத் தொடணும்னு திண்ணையில சானிடைசர் வச்சிருக்கியாமே! நல்லது. நான் கோழி பிடிச்ச கை, ரெண்டு தடவையே போட்டுட்டேன். 'மூணு வயசாச்சு தாத்தா, எம்பிள்ளையைக் கொரோனா எட்டிக்கூடப் பார்க்கல'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியே, அவன் சட்டைக் கையைப் பார்த்தியா? மூக்கைத் துடைச்சுத் துடைச்சு, கஞ்சி போட்ட வேட்டி மாதிரி மொடமொடன்னு நிக்குது.

2019-ல வந்தது கொரோனாக் குடும்பத்துல கடைக்குட்டிய்யா. அதுக்கு மூத்ததுகள்ல நாலு, எந்நேரமும் ஊரைச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. 229ஈ, ஓசி43 ரெண்டும் 1960-கள்லயே பிடிபட்டுருச்சு. என்எல்63-ஐ ஆம்ஸ்டர்டாம்ல ஒரு ஏழு மாசக் குழந்தைகிட்ட கண்டுபிடிச்சு 2004-ல வெளியே சொன்னாக. அடுத்த வருசம் ஹாங்காங்ல எச்கேயு1. டவுன் பஸ் நம்பர் மாதிரி இருக்கா? எல்லாம் சாதாச் சளி கொடுக்கிற சாமானுகதான்.

லேப்ல வேலை பார்க்கிற உன் தங்கச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும். ரத்தத்துல ஆன்டிபாடின்னு ஒண்ணு இருக்காம். எந்த வைரஸ் வந்துட்டுப் போச்சுன்னு காட்டுற, நம்ம பலசரக்குக் கடை பற்று நோட்டுன்னு வச்சுக்கோ. பிறந்த பிள்ளை நோட்டுல இருக்கிறது ஆத்தா எழுத்து. சில மாசத்துல அது மங்கிரும். பிறகு பிள்ளை தன் கணக்கைத் தானே எழுதும். நெதர்லாந்துல பிள்ளைக ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்தப்ப, பள்ளிக்கூடம் போகுமுன்னயே பெரும்பாலான பிள்ளைக நோட்டுல பற்று ஏறியிருந்துச்சு. அதுல பாதிப் பிள்ளைகளைப் பெத்தவுக உன்ன மாதிரிதான் பேசியிருப்பாக!

நோட்டை வாசிக்கிறதும் லேசில்ல. 229ஈயும் என்எல்63-உம் ஒரே வகையறா. அண்ணன் பற்றைத் தம்பி பேர்ல படிச்சிரக்கூடாதுன்னு சோதனையைப் பக்குவமாச் செய்யணுமாம்.

எழுதியாச்சே, இனி வராதுன்னு நினைக்காதே. ஆம்ஸ்டர்டாம்ல பத்து ஆம்பளைக ரத்தத்தைப் பல வருசமா எடுத்து வச்சுப் பார்த்திருக்காக. ஒரே வைரஸ் ஒரு வருசத்துலயே அதே ஆளைத் திரும்பப் பிடிச்சிருக்கு. கடன்காரன் வாசலை மறப்பானா?

அதனால பிள்ளையைத் தெருவுல விளையாட விடு. கையைச் சோப்பு போட்டுக் கழுவு, போதும். ஒண்ணே ஒண்ணு: இந்த என்எல்63 சில பிள்ளைகளுக்குத் தொண்டையைக் கட்டி, நாய் குரைக்கிற மாதிரி இருமல் வைக்கும். மூச்சை இழுக்கையில விசில் மாதிரி சத்தம் கேட்டா, என் கஷாயத்தையும் நம்பாதே, உன் பாட்டிலையும் நம்பாதே. ராத்திரின்னு பார்க்காம டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடு.