பாத்தி மிதிக்காம உப்பா?

வாடா தம்பி, இப்பிடி வரப்பு மேல குந்து. வெயிலடிக்குதா? மரக்காணத்துல வெயிலுதான்டா எங்களுக்குச் சம்பளம்.

உம் பையனுக்கு எட்டு வயசு. அதுக்குள்ள ஆறாயிரம் ரூவாய்க்கு ஷூவு. கையில ஒரு வாச்சு, எத்தினி அடி நடந்தான்னு எண்ணிக்கினே இருக்குதாம். எண்ணி இன்னா பண்ணப் போற? காலையில டென்னிஸு, சாயங்காலம் செஸ்ஸு, நடுவுல அபாகஸு. மூணு மாசத்துல மெடலு வரலன்னு கோச்சை மாத்திட்டியாமே? கேக்கறன், பயிற்சி பையனுக்கா, இல்ல நீ ஸ்டேட்டஸு போடறதுக்கா?

இந்த உப்பளத்தைப் பாரு. ஐப்பசி, கார்த்திகை மழையில பாத்தி முச்சூடும் சேறாயிடும். மழை விட்டதும் சேத்தை வாரிக் கொட்டிட்டு, கால்ல போட்டு மிதிக்கணும். காய விட்டு மறுக்கா மிதிக்கணும். தரை கெட்டியாவற வரைக்கும் ஒரு கல்லு உப்பு கண்ணுல காட்டாது. அவசரப்பட்டுத் தண்ணி கட்டினா? மண்ணும் உப்புமா வரும். வியாபாரி தொட்டுப் பாத்துட்டு நடையைக் கட்டிடுவான்.

மனுசனுக்கும் இதே கதைதான்டா. சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, பேராச்சும் கேட்டிருக்கியா? அஞ்சு வயசுல ஸ்கூலுக்குப் போற வழியில பஸ்ஸு காலு மேல ஏறிடுச்சு. வலது காலு முட்டிக்குக் கீழ நசுங்கிப் போச்சு. அம்மா சரோஜா, பாவம், கல்லு செமந்து, காய்கறி வித்து, வைத்தியத்துக்கு வாங்கின மூணு லட்ச ரூவா கடனை வருசக்கணக்கா அடைச்சுக்கினு இருந்தாங்க. வாச்சு வாங்கவா போறாங்க?

புள்ள ஸ்கூலை விடல. வாலிபால் ஆடிக்கினு இருந்தவனை பீ.டி. வாத்தியார் உயரம் தாண்ட வெச்சாரு. நல்ல காலு இருக்கற பசங்களோடவே தாண்டி, 14 வயசுல ரெண்டாவதா வந்தான். அப்பறம் பெங்களூருல சத்தியநாராயணான்னு ஒரு கோச்சு சேத்துக்கினாரு. நடுவுல பி.பி.ஏ.வும் படிச்சான். 2016ல ரியோ பாராலிம்பிக்ஸு, 1.89 மீட்டரு, தங்கம். அடிபட்டதுலருந்து எண்ணிப் பாரு, பதினாறு வருசம் ஆவுது. உன் மூணு மாசத்தை இதுல எந்த மூலையில வெக்கிறது?

வந்த பரிசுல 30 லட்சத்தைப் படிச்ச கவர்மெண்ட் ஸ்கூலுக்கே குடுத்துட்டான். நீயுந்தான் குடுக்கற, டியூசன்காரனுக்கு.

கதை அதோட முடியல. 2021ல டோக்கியோவுல மழை, சாக்ஸு நனைஞ்சு போச்சு. 1.86, வெள்ளி. 2024ல பாரிஸு, 1.85, வெண்கலம். மூணு தடவை போனான், மூணு தடவையும் மெடலு. உன்னைக் கேட்டா, தங்கத்துலருந்து வெண்கலத்துக்கு எறங்கிட்டான்னு கோச்சை மாத்தச் சொல்லுவ. எட்டு வருசத்துல மூணு பாராலிம்பிக்ஸுலயும் மொத மூணு பேருக்குள்ள ஒருத்தனா நின்னான்னு எனக்குத் தோணுது. பள்ளிக்கூடம் போவாத கெழவன், எனக்கு அவ்ளோதான் கணக்கு வரும்.

ஆமா, உம் பையன் போன பரீட்சையில 96 வாங்கினான், இந்த வாட்டி 94ஆம். அதுக்கு வீட்டுல ரெண்டு நாளா உலை வெக்கலயாமே, நெசமாடா?